தேவையே இல்லாமல் மாட்டிவிட்ட டியூப், வென்ஃப்ளான், மானிட்டர்: உங்களுக்கும் நடந்ததா?

கரிசல்மகள்:
அப்பாவுக்கு 78 வயது. நிமோனியா. ஐசியுவில் இரண்டு நாள், அப்புறம் வார்டு. ஐசியுவில் போட்ட யூரின் டியூப்பும் கூடவே வார்டுக்கு வந்தது. மனுஷன் எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறார், பாத்ரூம் பத்தடியில் இருக்கிறது. இன்னும் டியூப் எதற்கு என்று யாருமே கேட்கவில்லை, நானும்தான். நாலாம் நாள் ராத்திரி இரண்டரை மணிக்கு முழிப்பு வந்து பார்த்தால் கட்டிலை விட்டு இறங்கி நிற்கிறார். "த்ரீ ஃபேஸ் வந்துருச்சு, மோட்டார் போடணும்" என்கிறார். யூரின் பை கட்டில் கம்பியில் மாட்டியிருக்கிறது. நான் பாய்ந்து பிடிப்பதற்குள் இரண்டு எட்டு வைத்துவிட்டார். டியூப் நழுவாமல் உள்ளே பிடித்து வைத்திருந்த தண்ணீர் பலூனோடு பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. வேட்டியெல்லாம் ரத்தம். வலியில் கத்தக்கூட இல்லை, என்னைப் பார்த்து, "யாரு தாயி என்னைக் கட்டிப்போட்டது?" என்றார்.

நைட்_டூட்டி:
படிக்கவே கஷ்டமாக இருக்கிறது அக்கா. ஆனால் ஒன்று, டாக்டர் எழுதாமல் நாங்களாக டியூப்பை எடுத்தால் காலையில் திட்டு எங்களுக்குத்தான். எடுக்கிறோம் என்றாலும் "இருக்கட்டும் சிஸ்டர், ராத்திரி யார் கூட்டிட்டுப் போறது" என்கிற வீட்டுக்காரர்கள்தான் அதிகம்.

என் கதை மானிட்டர். குடல்வால் ஆபரேஷன் முடிந்த இருபது வயதுப் பையன், நன்றாக இருக்கிறான், மானிட்டரைக் கழற்றவில்லை. வியர்வையில் நெஞ்சு ஸ்டிக்கர் கழன்றுகொண்டே இருக்கும், உடனே அலாரம். ஓடினேன், ஒட்டினேன், திரும்ப ஓடினேன். கடைசியாக அடித்தபோது நான் ஓடவில்லை. நடந்துதான் போனேன். அது அவன் மானிட்டர் இல்லை. பக்கத்துக் கட்டில் பெரியவர், சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, 82-க்கு இறங்கியிருந்தது.

சும்மா_வந்தேன்:
எனக்குச் சின்ன விஷயம்தான். மூன்றாம் நாளே எல்லாம் மாத்திரை ஆகிவிட்டது, ஆனாலும் மருந்து ஏற்றக் குத்தி வைக்கும் வென்ஃப்ளான் குழாயை டிஸ்சார்ஜ் வரைக்கும் கையில் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு நரம்பு கயிறு மாதிரி தடித்து, சோறு பிசையக்கூட முடியாமல் ஒரு வாரம் ஸ்பூனில் சாப்பிட்டேன்.

ரிட்டையர்டு_ஆசாமி:
என்னைத் தினமும் விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பி பிபி பார்த்தார்கள். ஒன்பது நாளும் 130/80. அது கிடக்கட்டும்.

சிஸ்டர் சொல்வதை முழுதாக ஏற்க முடியாது. எழுதி வாங்க வேண்டும் என்றால் ரவுண்ட்ஸில் நீங்களே டாக்டரிடம் கேட்கலாமே? அந்த அம்மாவும் ஐசியுவை விட்டு வரும்போதே கேட்டிருக்க வேண்டும். மூத்திரம் அடைத்துக்கொண்டால், மணிக்கு மணி அளவு பார்க்க வேண்டியிருந்தால், சில ஆபரேஷன்களுக்கு டியூப் வேண்டும்தான். கூட்டிட்டுப் போக ஆளில்லை என்பது காரணமே இல்லை. அது உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீர்த் தொற்று வாய்ப்பு ஏறிக்கொண்டே போகும். வயதானவர்களுக்கு வரும் ராத்திரிக் குழப்பத்துக்கும் அது ஒரு தூண்டுதல். 2002-லேயே அமெரிக்க டாக்டர்கள் இதை நோயாளியைக் கட்டிப்போடும் கயிற்றோடு ஒப்பிட்டு எழுதினார்கள், கரிசல்மகள், உங்கள் அப்பா கேட்டதேதான். 2013-ல் அங்கே வார்டு டாக்டர்கள் சங்கம் வெளியிட்ட 'வேண்டாம்' பட்டியலிலும் வசதிக்காக டியூப்பை விட்டுவைப்பது இருக்கிறது, ஐசியுவுக்கு வெளியே வரைமுறை இல்லாமல் இதய மானிட்டரை ஓடவிடுவதும் இருக்கிறது.

ஆகவே தினமும் காலையில் கேளுங்கள்: "இது இன்னைக்கும் வேணுமா டாக்டர்?" டியூப்பை நீங்களாக இழுத்துவிடாதீர்கள். பலூனில் இருக்கும் தண்ணீரை சிரிஞ்சால் எடுத்த பிறகுதான் அது வர வேண்டும். இன்னும் நிறைய இருக்கிறது, நாளை தனியாக எழுதுகிறேன்.

கரிசல்மகள்:
ஐயா, அன்றைக்கே இது தெரிந்திருந்தால் நான் இங்கே வந்து எழுதியிருக்கவே மாட்டேன். அப்பா இப்போது பரவாயில்லை. வேட்டியை மட்டும் மடித்து மடித்துப் பார்க்கிறார்.

சும்மா_வந்தேன்:
சிஸ்டர், அந்தப் பெரியவர் என்ன ஆனார்?

நைட்_டூட்டி:
ஆக்சிஜன் டியூப் மூக்கிலிருந்து நழுவியிருந்தது, அவ்வளவுதான். மாட்டியதும் ஏறிவிட்டது. டிஸ்சார்ஜ் அன்று எனக்கு ஒரு டஜன் வாழைப்பழம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். நான் நடந்து வந்தது அவருக்குத் தெரியாது.