மேலத்தெரு சொந்தங்கள்: ரயில் நிற்குமா, வேன் சொல்லவா?

சுமதி அத்தை: அறுபதாம் கல்யாணத்துக்குச் சென்னையிலிருந்து பதினேழு பேர் வருகிறார்கள். ரயில் நம் ஊரில் நிற்குமா, ஜங்ஷனுக்கு வேன் அனுப்பவா? இன்றே சொல்லுங்கள்.

கார்த்தி: நம் ஊரில் ரயில் நிற்பது பற்றி நம் எம்.பி.யின் கேள்வி இன்று மக்களவையில் வருகிறது என்றாரே பெரியப்பா?

முரளி சித்தப்பா: 11 மணிக்கு அவை கூடியது. ஆறே நிமிடத்தில் ஒத்திவைப்பு.

வள்ளி: அவசர விவாதம் கேட்டு எதிர்க்கட்சிகள் அமளி.

பெரியப்பா: எல்லோரும் பொறுமையாகப் படியுங்கள். மக்களவையில் 11 முதல் 12 வரை கேள்வி நேரம். 15 நாள் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். குலுக்கலில் வரும் 20 கேள்விகளுக்குத்தான் நட்சத்திரக் குறி. அவற்றுக்கு அமைச்சர் எழுந்து பதில் சொல்வார். துணைக்கேள்வி கேட்டு மடக்கலாம். நம்முடையது மூன்றாவது கேள்வி.

கார்த்தி: நிற்குமா, நிற்காதா?

சுமதி அத்தை: அண்ணா, சமையல்காரர் வேறு காத்திருக்கிறார்.

முரளி சித்தப்பா: போன முறை வந்தவரா? அந்த ரசம்!

சுமதி அத்தை: மூன்று தடவை வாங்கிக் குடித்தவன் நீதான்.

பெரியப்பா: அவை நடக்காவிட்டாலும் எழுத்துப் பதிலை மேசையில் வைத்துவிடுவார்கள். பார்த்தேன். "பரிசீலனை தொடர்கிறது" என்று நான்கு வரி. "எந்தத் தேதிக்குள்?" என்று ஒரு துணைக்கேள்வி விழுந்திருந்தால் அமைச்சர் நெளிந்திருப்பார். கூச்சலால் தப்பித்தது அவர்தான்.

வள்ளி: பேச நேரம் கொடுத்தால் ஏன் கூச்சல் பெரியப்பா? மாநிலங்களவையில் மற்ற அலுவல்களை நிறுத்திவிட்டு விவாதிக்கக் கேட்டு 267-வது விதிப்படி நோட்டீஸுக்கு மேல் நோட்டீஸ், தள்ளுபடிக்கு மேல் தள்ளுபடி. 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பைப் பற்றிப் பேச விட்டார்களே, அவை இடிந்தா விழுந்தது?

பெரியப்பா: விவாதம் வேண்டாம் என்றேனா? அவசர விஷயத்தை விவாதிக்கக் கேட்கும் ஒத்திவைப்புத் தீர்மானத்தை அனுமதித்தால் மாலை 4 மணிக்கு எடுத்துக்கொள்ள மக்களவை விதியே வழி சொல்கிறது. கேள்வி நேரத்தில் கைவைக்கத் தேவையே இல்லை. மாநிலங்களவையில் 2014-ல் கேள்வி நேரத்தை 12 மணிக்குத் தள்ளிப் பார்த்தார்கள். அமளியும் பின்னாலேயே போனது.

வள்ளி: "4 மணிக்கு உண்டு" என்று காலையிலேயே அறிவித்தால் 11 மணிக்கு யார் எழுந்து நிற்கப் போகிறார்கள்? அறிவிப்பதில்லையே. 2020 செப்டம்பரில் கொரோனாவைச் சொல்லிக் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள். அதற்கும் எதிர்க்கட்சிதான் காரணமா?

முரளி சித்தப்பா: வீட்டுப் பாகப்பிரிவினையையும் அண்ணா "சாயங்காலம் பேசலாம்" என்றுதான் சொன்னார். எந்த வருடத்துச் சாயங்காலமோ.

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கார்த்தி: படித்துவிட்டேன் பெரியப்பா.

சுமதி அத்தை: அறுபதாம் கல்யாணம் என் வீட்டில். சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். வேன்காரருக்கு என்ன சொல்ல?

பெரியப்பா: முன்பணம் கொடுத்துவிடாதே சுமதி. கேள்வி நேரத்துக்கு வெளியே பிரச்சினையை எழுப்ப வழி தரும் 377-வது விதியில் எழுப்பச் சொல்லி எம்.பி.யின் உதவியாளரிடம் பேசுகிறேன்.

முரளி சித்தப்பா: விசேஷம் ஞாயிற்றுக்கிழமை, அண்ணா.

சுமதி அத்தை: ஒரு வேன் சொல்லிவிட்டேன். இன்னொன்று வேண்டுமா என்று நாளை பார்க்கலாம்.

முரளி சித்தப்பா: வாடகை யார் கணக்கில்?