பழைய பாய்மரப் படகில் குடியேறுவது: எதில் முதலில் கை வைப்பது?

கேள்வி:
1970களில் கட்டிய 27 அடி ஃபைபர்கிளாஸ் பாய்மரப் படகு வாங்கியிருக்கிறேன், அதிலேயே தங்கப்போகிறேன். சோலார், ஃபிரிட்ஜ், புது மெத்தை என்று ஆசை நீள்கிறது, பணம்தான் குறைவு. எங்கே தொடங்கலாம்?

பதில்:
ஃபிரிட்ஜெல்லாம் அப்புறம், முதலில் படகு மிதக்கட்டும். குழாய்களுக்காக நீர்மட்டத்துக்குக் கீழே விட்டிருக்கும் ஒவ்வொரு துளையையும் அதன் வால்வையும் ஹோஸையும் பாருங்கள், இறுகிப்போன வால்வு இருந்தால் கரையேற்றி மாற்றியே ஆகவேண்டும். சாதாரண பித்தளை என்றால் வெண்கலத்துக்கு மாறுங்கள். கடல்நீரில் பித்தளையின் துத்தநாகம் கரைந்துபோய், பார்க்க நன்றாக இருப்பதுகூட ஒருநாள் கையோடு உடைந்து வரும். டெக்கை, அதாவது மேல்தளத்தை, பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டுங்கள். மந்தமான சத்தம் வரும் இடத்தில் ஃபைபர்கிளாஸுக்கு உள்ளே இருக்கும் பால்சா என்ற லேசான மரம் ஊறியிருக்க வாய்ப்பு அதிகம்.

பதில்:
பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளை விட்டுவிட்டீர்களே! எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால் மாற்றிவிடுவதே நல்லது, காப்பீட்டுக்காரர்களே பெரும்பாலும் 10-15 ஆண்டு என்று கணக்கு வைக்கிறார்கள்.

கேட்டவர்:
சரி. பேட்டரி?

பதில்:
100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் என்றால் பாதியைத்தான் நம்பிப் பயன்படுத்தலாம், அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும். லித்தியத்தில் 80 சதவீதம் வரை எடுக்கலாம், ஆனால் எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் பழைய ஆல்டர்னேட்டரை நேராக இணைத்தால் ஆல்டர்னேட்டரே சூடேறிக் கருகலாம், நடுவில் மின்னோட்டத்தை அளவாக விடும் டிசி-டிசி சார்ஜர் போடுங்கள். விளக்குகளை எல்இடி ஆக்கினாலே பாதி கவலை தீரும். மெத்தைக்கு அடியில் மரச்சட்டம் வைத்துக் காற்றுக்கு வழி விடுங்கள், இல்லையென்றால் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும்.