ஸ்லக் மாற்றியதும் கூகுளில் கீழே போய்விட்டது: எங்கிருந்து சரிசெய்வது?

அடுப்படி
தமிழ்ச் சமையல் தளம், வேர்ட்பிரஸ், 430 பதிவுகள். வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் முகவரி முழுக்க சதவீதக் குறியாக நீள்கிறது என்று, ஜனவரியில் தமிழ் ஸ்லக்குகளை (பதிவின் முகவரியில் கடைசியாக வரும் பெயர்ப்பகுதி) டேட்டாபேஸில் நேரடியாக ஆங்கில எழுத்துக்கு மாற்றினோம். அப்போதே தீமும் (தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தொகுப்பு) மாற்றியாயிற்று. இப்போது மே மாதம். சர்ச் கன்சோலில் (கூகுள் தேடலில் தளம் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுளின் கருவி) நாளுக்கு 2,100 கிளிக் இருந்தது 900 ஆகிவிட்டது. பழைய பதிவுகளைக் கொஞ்சம் திருத்தி இன்றைய தேதி போட்டால் மேலே வருமா? இல்லை, ஸ்லக்கைத் திரும்பத் தமிழுக்கே மாற்றிவிடலாமா?

வலைநெசவு
இரண்டும் வேண்டாம். தேதியை மட்டும் புதுப்பிப்பது வீண் வேலை. சைட்மேப்பில் (தளத்தின் பக்கப் பட்டியல் கோப்பு) இருக்கும் திருத்தத் தேதி உண்மையான மாற்றத்தோடு ஒத்துப்போகாவிட்டால், கூகுள் அதை நம்புவதையே விட்டுவிடும்.

முதலில் எது விழுந்தது என்று பாருங்கள். கடைசி 28 நாளைப் போன வருடத்தின் அதே 28 நாளோடு ஒப்பிடுங்கள். டிசம்பர், ஜனவரியோடு ஒப்பிட்டால் பொங்கல் தேடல்கள் கணக்கைக் கெடுக்கும். சர்ச் கன்சோல் 16 மாதத் தரவை வைத்திருப்பதால் இது முடியும். ஒன்று கவனம்: பக்கங்கள் தாவலில் ஒப்பிடாதீர்கள். முகவரி மாறியதால் பழையது ஒரு வரி, புதியது ஒரு வரி என்று பிரிந்து கிடக்கும். தேடுசொற்கள் தாவலில் ஒப்பிடுங்கள்.

சராசரி இடம் சரிந்திருந்தால் தரவரிசைப் பிரச்சினை. இடமும் இம்ப்ரெஷனும் (தேடல் முடிவில் தோன்றிய தடவைகள்) அப்படியே இருந்து கிளிக் மட்டும் குறைந்திருந்தால், தேடல் பக்கத்தில் உங்கள் வரி தெரியும் விதம் மாறியிருக்கிறது. இடம் அப்படியே, இம்ப்ரெஷன் மட்டும் குறைவு என்றால் தேடுகிறவர்களே குறைந்திருக்கலாம்.

அடுப்படி
பார்த்தேன் சார். 'உளுந்து வடை' 3-ஆவது இடத்திலிருந்து 19-க்குப் போயிருக்கிறது. 'ரவா கேசரி' 4-லேயே இருக்கிறது, இம்ப்ரெஷனும் அதே அளவு, ஆனால் கிளிக் பாதிதான். பழைய முகவரியைத் திறந்தால் 404 (பக்கம் இல்லை என்ற பிழை).

சர்வர்மேடை
வடைக்குக் காரணம் அந்த 404-தான். எடிட்டருக்குள் போய் ஒவ்வொன்றாக ஸ்லக்கை மாற்றியிருந்தால் வேர்ட்பிரஸ் பழைய ஸ்லக்கைக் குறித்துவைத்து, தானே 301 ரீடைரக்ட் (புதிய முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடுவது) கொடுத்திருக்கும். டேட்டாபேஸில் நேராகக் கைவைத்தால் அந்தக் குறிப்பு பதிவாகாது. வெளியிலிருந்து பழைய முகவரிக்கு வந்த இணைப்புகள் எல்லாம் இப்போது முட்டுச்சந்தில் நிற்கின்றன.

தமிழுக்குத் திரும்பாதீர்கள். நான்கு மாதத்தில் புதிய முகவரிகள் கூகுளின் பட்டியலில் (இன்டெக்ஸ்) ஏறியிருக்கும், இன்னொரு தடவை கலைப்பானேன்? (தமிழ் முகவரி தரவரிசைக்குக் கெடுதலும் இல்லை. இந்த மாற்றமே தேவையில்லாதது, போகட்டும்.)

பழைய முகவரிகளைத் தலைப்பைப் பார்த்துத் தட்டச்சு செய்யாதீர்கள், தப்பாகிவிடும். வேர்ட்பிரஸ் ஸ்லக்கை 200 குறிகளோடு வெட்டிவிடும். சதவீதக் குறியீட்டில் தமிழில் மெய்க்குப் புள்ளி, உயிர்மெய்க்குக் கொம்பு, கால் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக 9 குறி எடுக்கும். 'உளுந்து வடை மொறுமொறுப்பாக வர' என்ற தலைப்பின் ஸ்லக் 'உளுந்து-வடை-மொறுமொறுப்பா' என்பதோடு நின்றிருக்கும். கடைசி 'க' கூட உள்ளே வராது.

அதனால் ஜனவரிக்கு முந்தைய பேக்கப்பை எடுத்து, பதிவு எண், பழைய ஸ்லக் இரண்டையும் ஒரு ஷீட்டில் போடுங்கள். இன்றைய டேட்டாபேஸிலிருந்து பதிவு எண், புதிய ஸ்லக் இன்னொரு ஷீட்டில். விலுக்கப் (ஷீட்டில் இரண்டு பட்டியலைப் பொருத்தும் VLOOKUP சூத்திரம்) போட்டுப் பதிவு எண்ணால் இணையுங்கள். அந்த சிஎஸ்வி கோப்பை ரீடைரக்ட் பிளகினில் ஏற்றினால் முடிந்தது. பேக்கப் இல்லையென்றால், சர்ச் கன்சோலில் ஜனவரிக்கு முந்தைய தேதிகளை வைத்துப் பக்கங்களை ஏற்றுமதி செய்யலாம். 1,000 வரி வரை தரும், உங்கள் 430-க்குப் போதும். ஆனால் இம்ப்ரெஷன் வாங்கிய பக்கங்கள் மட்டுமே அதில் இருக்கும்.

ஒவ்வொரு பழைய முகவரியும் நடுவில் வேறு முகவரி எதற்கும் போகாமல் தன் புதிய பக்கத்துக்கு நேராகப் போக வேண்டும். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் தள்ளினால் கூகுள் அதை 404 போலத்தான் நடத்தும். பதிவுகளுக்குள் இருக்கும் இணைப்புகளையும் புதிய முகவரிக்கே மாற்றுங்கள். ரீடைரக்ட் குறைந்தது ஒரு வருடம் இருக்கட்டும் என்பது கூகுள் சொல்வது. என்னைக் கேட்டால் எடுக்கவே வேண்டாம்.

வலைநெசவு
கேசரி வேறு கதை. பழைய தீம் சமையல் குறிப்புக்கான ஸ்கீமாவை (பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கூகுளுக்குச் சொல்லும் குறியீடு) போட்டுக்கொண்டிருந்திருக்கும், புதியது போடவில்லை என்று நினைக்கிறேன். கூகுளின் ரிச் ரிசல்ட்ஸ் சோதனையில் அந்த முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். பெயரும் படமும் கட்டாயம். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் தேடல் முடிவில் படத்தோடு கூடிய சமையல் குறிப்பு வடிவம் கிடைக்காது, கேசரியைப் படம் பார்த்துத்தானே தட்டுகிறார்கள்! கூடவே போனில் 'ரவா கேசரி' என்று தேடி, உங்கள் வரிக்கு மேல் காணொளிகளோ ஏஐ சுருக்கமோ வந்து உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படியிருந்தால் ஸ்கீமா மட்டும் பழைய கிளிக்கைக் கொண்டுவராது.

அடுப்படி
ஸ்கீமா இல்லை, சரியாகச் சொன்னீர்கள். பேக்கப் இருக்கிறது, இன்று ராத்திரியே ரீடைரக்ட் போட்டுவிடுகிறேன். இன்னொன்று: வடைக்கே எங்களிடம் மூன்று பதிவுகள் இருக்கின்றன. அதுவும் இடிக்குமா?

சர்வர்மேடை
'உளுந்து வடை' என்ற தேடுசொல்லை வடிகட்டிவிட்டுப் பக்கங்கள் தாவலைத் திறங்கள். ஒரு வாரம் ஒன்று, மறுவாரம் இன்னொன்று என்று மாறி மாறி வந்தால் இடிக்கிறது. அதிக கிளிக் வாங்குவதை வைத்துக்கொண்டு, மற்ற இரண்டில் உருப்படியானதை அதில் சேர்த்துவிட்டு 301 போடுங்கள். ஒன்று வடை, ஒன்று தயிர் வடை என்றால் தொடாதீர்கள்.

வலைநெசவு
இன்னொரு வடிகட்டியும் உதவும். தேடுசொல்லில் ரீஜெக்ஸ் (எழுத்து அமைப்பை வைத்துத் தேடும் முறை) தேர்ந்து [அ-ஹ] என்று கொடுத்தால் தமிழ் எழுத்தில் தேடியவை மட்டும் வரும். 'பொருந்தாதவை' என்று மாற்றினால் ஆங்கில எழுத்தில் தமிழைத் தேடியவை. இரண்டில் ஒன்று மட்டும் சரிந்திருந்தால் அந்தப் பக்கத் தலைப்பில் தமிழ் எழுத்துப் பெயர் விட்டுப்போனதா, ஆங்கில எழுத்துப் பெயர் விட்டுப்போனதா என்று பாருங்கள்.

ரீடைரக்ட் போட்டதும் நாலு நாளில் ஏறவில்லையே என்று மறுபடி எதையும் மாற்றிவிடாதீர்கள், வாரக்கணக்கில் ஆகும். நடுவில் கோர் அப்டேட் (கூகுள் தன் தரவரிசை முறையைப் பெரிய அளவில் மாற்றுவது) வந்தால், அது முடிந்து ஒரு முழு வாரம் கழித்து, தொடங்குவதற்கு முந்தைய வாரத்தோடு ஒப்பிடுங்கள். மாதம் ஒரு தடவை தேடுசொற்களை ஏற்றுமதி செய்து வையுங்கள், 16 மாதத்துக்கு மேல் கூகுளிடம் இருக்காது. இப்போதைக்கு இன்டெக்ஸ் அறிக்கையில் 404 எண்ணிக்கை இறங்குகிறதா என்பதை மட்டும் பார்த்துவிட்டு இங்கே சொல்லுங்கள்.