ஃபோர்ஹேண்ட் கோட்டைத் தாண்டிப் போகுது: கன்ட்ரோல் ராக்கெட் எது எடுக்கலாம்?

அம்பத்தூர்_லெஃப்டி:
வாரத்துக்கு மூன்று நாள், சாயங்காலம் ஹார்டு கோர்ட்டில் டென்னிஸ் ஆடுகிறேன். லெவல் 3.5 (நடுத்தர ஆட்டம்) என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது கையில் இருப்பது 100 சதுர இன்ச் தலை, ஸ்ட்ரிங் இல்லாமல் 300 கிராம், 16x19 பேட்டர்ன் (நீளவாக்கில் 16, குறுக்கில் 19 ஸ்ட்ரிங்), ஃப்ரேம் தடிமன் நடுவில் 26 மி.மீ. பாலி (பாலியஸ்டர்) ஸ்ட்ரிங், தடிமன் 1.25 மி.மீ., டென்ஷன் (இழுத்துக் கட்டிய இறுக்கம்) 50 பவுண்டு. போட்டு நாலு மாசம் ஆச்சு, இன்னும் அறுந்து போகவில்லை.

முழு வேகத்தில் ஃபோர்ஹேண்ட் அடித்தால் பந்து பேஸ்லைனுக்கு (கோர்ட்டின் கடைசிக் கோடு) ஓரடி, இரண்டடி வெளியே விழுகிறது. பயந்து மெதுவாக அடித்தால் எதிராளி ஏறி வந்துவிடுகிறார். வில்சன் பிளேடு 98 (18x20), ப்ரோ ஸ்டாஃப் 97 இரண்டும் மனதில் இருக்கின்றன. எதை எடுக்கலாம்? முழங்கை வலி எதுவும் இல்லை.

நெட்_கார்டு:
ராக்கெட் அப்புறம் இருக்கட்டும். நாலு மாசப் பாலியா? வாரம் மூன்று நாள் என்றால் ஐம்பது மணி நேரத்துக்கு மேல் ஓடியிருக்கும். பாலிக்கு 15, மிஞ்சினால் 20 மணி நேரம்தான் ஆயுள். அது அறுவதில்லை, செத்துப்போகிறது. வித்தியாசம் அதுதான்.

புது பாலியில் பந்து படும்போது நெட்டு ஸ்ட்ரிங்குகள் (நீளவாக்கில் ஓடுபவை) பக்கவாட்டில் நகர்ந்து, உடனே பழைய இடத்துக்கு வழுக்கித் திரும்பும். டாப்ஸ்பின் (பந்தைச் சீக்கிரம் கீழே இறக்கும் முன்சுழல்) கூடுவது அந்தத் திரும்பலால்தான். நாள்பட்டால் குறுக்கு ஸ்ட்ரிங் உராயும் இடங்களில் நெட்டு ஸ்ட்ரிங்கில் பள்ளம் விழும். நகர்ந்தது அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஆட்டத்துக்கு நடுவே விரலால் ஸ்ட்ரிங்கை நேராக்கிக்கொண்டே இருக்கிறீர்களா? அப்படியென்றால் அது முடிந்த கதை. டென்ஷனும் இறங்கியிருக்கும், ஸ்பின்னும் இருக்காது. பந்து உயரமாகக் கிளம்பி, இறங்காமல் நீளமாகப் போகும். நீங்கள் சொல்லும் அறிகுறி அப்படியே இதுதான்.

அந்த ஸ்ட்ரிங்கை வெட்டி எறிவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். பள்ளமும் பந்தின் மஞ்சள் பஞ்சும் எங்கே அதிகம் என்று பாருங்கள். நடுவில் உள்ளங்கை அகலத்துக்குள் அடங்கியிருந்தால் 98 தலைக்குப் போகலாம். நுனிப் பக்கமும் ஓரமுமாகச் சிதறியிருந்தால் தலையைச் சின்னதாக்குவது வம்பை விலை கொடுத்து வாங்குவது. வெளியே போகும் பந்துகளில் பாதி அப்போது ஃப்ரேம் முறுக்கிக்கொள்வதால் போகிறது, பவரால் அல்ல.

மெல்லிய_பீம்:
ஸ்ட்ரிங் பற்றிச் சொன்னது சரி. ஆனால் 26 மி.மீ. ஃப்ரேமை வைத்துக்கொண்டு எவ்வளவு ஸ்ட்ரிங் மாத்தினாலும் ஒரு எல்லை இருக்கு. தடிமனான ஃப்ரேம் வளையாது. அதனால் பந்துக்கே பலம் திரும்பிப் போகும். 21 முதல் 23 மி.மீ. ஃப்ரேம் கொஞ்சம் வளைந்து அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். கன்ட்ரோல் மட்டைன்னு சொல்றதெல்லாம் அடிப்படையில் இந்தத் தீனிதான். மீதி வேலை ஸ்ட்ரிங் பேட்டர்னுக்கு: நெருக்கமா இருந்தா பந்து தாழக் கிளம்பும், ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய ஒரே கோணத்தில் கிளம்பும்.

நீங்க சொன்ன ரெண்டையும் இப்போதைக்கு விடுங்க. ப்ரோ ஸ்டாஃப் 97 ஸ்ட்ரிங் இல்லாமலே 315 கிராம். முதல் செட்டில் சொர்க்கம். ரெண்டாவது செட்டில் கை தளர்ந்ததும் பந்தை லேட்டா சந்திப்பீங்க. பிளேடு 18x20 நல்ல மட்டைதான், ஆனா பந்து தாழக் கிளம்புறதால நெட்டுக்கு மேல் தாராளமா தூக்கி அடிக்கிற ஸ்விங் இருக்கணும். இப்பவே பயந்து அடிக்கிறவருக்குப் பாதிப் பந்து நெட்டில்தான்.

உங்க கட்டத்துக்கு நான் பார்க்கச் சொல்றது:

பபோலாட் ப்யூர் ஸ்ட்ரைக் 100: 300 கிராம், 16x19, ஃப்ரேம் 21-23-21. உங்க பழைய மட்டையிலிருந்து மாறுவதற்கு இதுதான் ரொம்பச் சின்ன தாவல்.

ஹெட் கிராவிட்டி எம்பி: 100 சதுர இன்ச், 295 கிராம், 16x20. அந்த ஒரு குறுக்கு ஸ்ட்ரிங் அதிகமா இருப்பதே வித்தியாசம் காட்டும். ஸ்வீட் ஸ்பாட் (பந்து நல்லா கிளம்புற இடம்) தலையின் மேல்பக்கம் விரிஞ்சிருக்கும். நுனியில் அடிக்கிற பழக்கம் உள்ளவங்களுக்கு இதுதான் முதல் சாய்ஸ்.

பிளேடு 98, ஆனா 16x19: 305 கிராம், பேலன்ஸ் (கைப்பிடி அடியிலிருந்து சமநிலைப் புள்ளி வரை) 320 மி.மீ., தடிமன் 21. நெட்_கார்டு சொன்ன பஞ்சு டெஸ்டில் பாஸானால் மட்டும்.

டன்லப் சிஎக்ஸ் 200: அதே 98, அதே 305 கிராம், ஆனா பேலன்ஸ் 315, கைப்பிடிப் பக்கம் கனம். வாலி (பந்து தரையில் படுமுன் அடிக்கிறது), ஸ்லைஸ் (பின்சுழலோட வெட்டி அடிக்கிறது) அதிகம் ஆடுறவங்களுக்கு. டபுள்ஸ்தான் உங்க ஆட்டம்னா இதைத் தாண்டிப் போகாதீங்க.

ஒரு எச்சரிக்கை. மட்டையில் அச்சடிச்ச எடை ஸ்ட்ரிங் இல்லாத எடை. ஸ்ட்ரிங் போட்டால் 15 முதல் 18 கிராம் ஏறும், பேலன்ஸும் தலைப்பக்கம் ஒரு சென்டிமீட்டர் நகரும். ரெண்டு மட்டையை ஒப்பிடும்போது ஒன்று ஸ்ட்ரிங்கோட, இன்னொன்று இல்லாமன்னு ஒப்பிட்டு ஏமாறாதீங்க. ஒரே மாடலில் ரெண்டு மட்டைக்கு நடுவிலும் சில கிராம் வித்தியாசம் சகஜம். கடைக்குச் சமையலறைத் தராசை எடுத்துட்டுப் போனா சிரிப்பாங்க, சிரிக்கட்டும்.

ஆறுமுடிச்சு:
ஸ்ட்ரிங் போடுபவன் பார்வையில் சில விஷயம்.

50 பவுண்டு என்பது வெறும் எண். எந்த மெஷினில் போட்டது என்று கேளுங்கள். கையால் சுற்றி இழுத்து ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும் மெஷினில் பூட்டிய நொடியிலிருந்தே ஸ்ட்ரிங் தளரத் தொடங்கும். எலெக்ட்ரானிக் மெஷின் இழுப்பை விடாமல் பிடித்திருக்கும். அதே 50 போட்டாலும் முதல் வகை இரண்டு மூன்று பவுண்டு லூசாகவே வரும். ஆகவே கடை மாறினால் எண்ணை நம்பாதீர்கள். ஸ்ட்ரிங்கைத் தட்டும் ஓசையை வைத்து டென்ஷன் காட்டும் மொபைல் ஆப்கள் இருக்கின்றன. அது காட்டும் எண் துல்லியமோ இல்லையோ, போட்ட அன்றைக்கும் பத்து நாள் கழித்தும் பார்த்தால் எவ்வளவு இறங்கியது என்று தெரியும்.

இப்போதைய மட்டையிலேயே புது பாலி 1.25-ஐ 52-ல் போட்டு இரண்டு வாரம் ஆடிப் பாருங்கள். புது ஃப்ரேமுக்கு மாறினால் 48-ல் தொடங்குங்கள். மெல்லிய ஃப்ரேம், நெருக்கமான பேட்டர்ன், அதோடு 54 பவுண்டு பாலி என்றால் பலகையால் அடிப்பது போலிருக்கும். இன்றைக்கு இல்லாத முழங்கை வலி அதில்தான் வரும். நெட்டு ஸ்ட்ரிங்கில் பாலி 48, குறுக்கில் மல்டிஃபிலமென்ட் (பல மெல்லிய இழைகள் சேர்ந்த மென்மையான ஸ்ட்ரிங்) 50 என்று கலந்து போடுவது நல்ல நடுவழி. மல்டி முதலில் நைந்து அறும். அதுவும் ஒரு நன்மைதான், மாற்ற வேண்டிய நாளை அதுவே சொல்லிவிடும்.

வெயில் காலத்தில் மட்டையைக் கார் டிக்கியில் விடாதீர்கள். சூட்டில் பாலி இளகி டென்ஷன் இறங்கும், ஆறினாலும் திரும்ப ஏறாது. மே மாதம் பந்தும் துள்ளலாக இருக்கும், காற்றும் அடர்த்தி குறைவு. எல்லாம் சேர்ந்து நீளமாகத்தான் போகும். ஆகவே ஏப்ரலில் இரண்டு பவுண்டு ஏற்றுவது வழக்கம். கட் (gut, விலங்குக் குடலில் செய்த) ஸ்ட்ரிங் ஆசை இருந்தால் நம் கடற்கரை ஈரத்தில் வேண்டாம்.

அம்பத்தூர்_லெஃப்டி:
பார்த்தேன். பஞ்சு நடுவுக்குக் கொஞ்சம் மேலே, நுனிப் பக்கம்தான் அதிகம். ஓரங்களில் அவ்வளவாக இல்லை. அப்படியென்றால் கிராவிட்டியா? டெமோ மட்டை இரண்டு நாள் தருகிறார்கள். அதில் எதைப் பார்க்க வேண்டும்? கிரிப் சைஸ் (கைப்பிடிச் சுற்றளவு) 2 போதுமா? கை ரொம்ப வியர்க்கும்.

மெல்லிய_பீம்:
கிராவிட்டியை முதலில் எடுங்க, கூடவே ப்யூர் ஸ்ட்ரைக் 100. டெமோவில் என்ன ஸ்ட்ரிங், எவ்வளவு டென்ஷன்னு கேட்டுக் குறிச்சுக்கோங்க. செத்த ஸ்ட்ரிங்கோட தர்ற டெமோவை வச்சு மட்டையை எடை போடக் கூடாது.

கிராஸ் கோர்ட்டில் (மூலைக்கு மூலை குறுக்காக) 20 ஃபோர்ஹேண்ட் முழு வேகத்தில் அடிங்க. சர்வீஸ் கோட்டுக்கும் பேஸ்லைனுக்கும் நடுவில் ஐந்தரை மீட்டர் இருக்கு. அதை இரண்டாகப் பிரிச்சு நடுவில் ரெண்டு கோன் வைங்க. பின்பாதியில் எத்தனை, வெளியே எத்தனை, சர்வீஸ் கோட்டுக்கு முன்னாலேயே எத்தனைன்னு தனித்தனியா எண்ணுங்க. எல்லாரும் வெளியே போனதை மட்டும் எண்ணுவாங்க. கன்ட்ரோல் மட்டையின் உண்மையான தோல்வி குட்டையா விழுற பந்துதான். வெளியே போறது ஆறிலிருந்து ரெண்டாகி, குட்டையா விழுறது ரெண்டிலிருந்து எட்டானா அந்த மட்டை உங்களுக்குக் கனம் அதிகம், இல்லன்னா டென்ஷன் அதிகம். இதையே ஒன்றரை மணி நேரம் ஆடி முடிச்சு, களைச்ச கையோட இன்னொரு தடவை செய்ங்க. ரெண்டாவது கணக்குதான் கணக்கு.

வாங்கின பிறகு வேகமான சர்வீஸைத் தடுக்கும்போது மட்டை கையில் முறுக்கினா, தலையின் ரெண்டு பக்கமும், கடிகாரத்தில் 3, 9 இருக்கும் இடத்தில், பக்கத்துக்கு ரெண்டு கிராம் ஈய டேப் ஒட்டலாம். கால் இன்ச் அகல டேப் 10 செ.மீ. நீளம் சுமார் ஒரு கிராம். மொத்தம் நாலு கிராமுக்கு ஸ்விங் வெயிட் (வீசும்போது கையில் உணரும் கனம்) ஏழு பாயின்ட் ஏறும், அது தாங்கும். அதே நாலு கிராமை நுனியில் ஒட்டினா பதின்மூணு ஏறும். தோள் கேள்வி கேட்கும். ஈயம் தொட்ட கையைக் கழுவிடுங்க.

நெட்_கார்டு:
கிரிப் 2 எடுங்கள். ஓவர்கிரிப் (கைப்பிடி மேல் சுற்றும் மெல்லிய பட்டை) ஒன்று சுற்றினால் அரை சைஸ் ஏறிவிடும். சின்னதைப் பெரிதாக்கலாம், பெரியதைச் சின்னதாக்குவது கஷ்டம். வியர்வைக்கு ஒட்டும் வகை ஓவர்கிரிப் உதவாது. நனைந்ததும் சோப்பு மாதிரி வழுக்கும். டூர்னா கிரிப் போல வறண்ட, உறிஞ்சும் வகை வாங்குங்கள். ஈரம் ஏற ஏறத்தான் அது பிடிக்கும், ஆனால் சீக்கிரம் கிழியும். வாரம் மூன்று நாள் ஆடினால் வாரத்துக்கு ஒன்று என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இடது கைக்காரர் என்பதால் எதிர்த் திசையில் சுற்றுங்கள், இல்லாவிட்டால் விளிம்பு விரலில் ஏறி உரிந்துகொண்டே இருக்கும்.