லேன் கேபிளைச் செருகினால் ஸ்பீக்கரில் உறுமல், ஃபைபர் போட்டால் போகுமா?

மொட்டைமாடி:
வணக்கம். ஒரு மாதமாக மண்டை காய்கிறது. மாடி அறையில் பாட்டு போட ராஸ்பெர்ரி பை 4 என்கிற குட்டி கம்ப்யூட்டர், அதிலிருந்து யூஎஸ்பி வழியாக ஒரு டேக் (டிஜிட்டலை ஒலி சிக்னலாக மாற்றும் பெட்டி), அப்புறம் ஆம்ப், சின்ன ஸ்பீக்கர் இரண்டு. ரூட்டரும் இரும்புப் பெட்டி போட்ட எட்டு போர்ட் நெட்வொர்க் ஸ்விட்ச்சும் கீழே ஹாலில். நடுவே சுவருக்குள் கேட் 7 லேன் கேபிள், வீடு கட்டும்போதே எலக்ட்ரீஷியன் கரண்ட் வயர் போகிற அதே பைப்பில் இழுத்துவிட்டது. பாட்டு நின்றதும் "ம்ம்ம்" என்று உறுமல் கேட்கிறது. தம்புரா ஆப்பை வைத்துப் பார்த்தேன், கிட்டத்தட்ட ஐந்து கட்டை, ஒரு இழை ஏறினாற்போல. அதனால் ஐந்து கட்டையில் பாடுகிறவர்கள் கச்சேரியில் சுருதியோடு சேர்ந்து ஒளிந்துகொள்கிறது, இரண்டு கட்டைக் கச்சேரி போட்டால் சம்பந்தமே இல்லாமல் மத்தியமத்தில் உட்கார்ந்துகொண்டு உயிரை வாங்குகிறது. லேன் கேபிளைப் பிடுங்கினால் உடனே அமைதி. லேனை ஃபைபருக்கு மாற்றும் கன்வெர்ட்டர் வாங்கலாமா? இன்னொரு சந்தேகம், எங்கள் வீட்டுக்கு இணையமே ஃபைபரில்தானே வருகிறது?

பழைய ரேடியோ:
தயங்காமல் போடுங்கள் சார். நான் போட்ட அன்றைக்கே குரல் முன்னால் வந்து நின்றது, மிருதங்கத்தின் தொப்பி தனியாகக் கேட்டது. கண்ணாடி இழையில் மின்சாரம் போக வழியே இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

ஈயப்பற்று:
மிருதங்கம் தனியாகக் கேட்டதெல்லாம் ஃபைபர் செய்த வேலை என்று நான் நம்பமாட்டேன், கோபிக்க வேண்டாம். உயர்தரப் பாட்டு, 24 பிட் 192 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ, சுருக்காமல் போனாலே நொடிக்கு 9.2 மெகாபிட்தான். வழியில் ஏதாவது தொலைந்தால் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். செம்பில் வந்தாலும் கண்ணாடியில் வந்தாலும் அதே பிட்தான்.

ஆனால் உறுமல் வேறு கதை. வீட்டுக்கு வரும் ஃபைபர், கம்பெனிக்காரர் மாட்டிய ஓஎன்டி என்கிற பெட்டியோடு முடிந்தது, அதற்கப்புறம் எல்லாம் செம்பு. லேன் போர்ட்டுக்குள் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது, 1500 வோல்ட் தாங்குகிற தடுப்பு, அதனால் சாதாரண கேபிளில் கரண்ட்டின் 50 ஹெர்ட்ஸ் உறுமல் லேசில் தாண்டாது. உங்களுடையது கேட் 7, மேலே உலோக உறை. அந்த உறை டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றிக்கொண்டு போர்ட்டின் உலோகக் கூட்டோடு நேராகச் சேர்ந்துவிடும்.

காசு செலவில்லாமல் ஒரு சோதனை. கேபிள் செருகியே இருக்கட்டும். கீழே ஸ்விட்ச்சுக்குக் கரண்ட் கொடுக்கும் சுவர் சுவிட்சை மட்டும் அணையுங்கள். உறுமல் இருக்கிறதா? அப்புறம் பிளக்கையே உருவிவிட்டுக் கேளுங்கள். ஆம்ப்பின் எர்த் பின்னை வெட்டுகிற வேலை மட்டும் வேண்டாம், யூடியூபில் யார் சொன்னாலும் சரி, உயிருக்கு ஆபத்து.

மொட்டைமாடி:
செய்தேன். சுவர் சுவிட்சை அணைத்தேன், ஸ்விட்ச்சில் ஒரு விளக்குகூட எரியவில்லை, உறுமல் அப்படியே இருக்கிறது! த்ரீ பின் பிளக்கை உருவினதும் நின்றுவிட்டது. இது எப்படி?

ஈயப்பற்று:
நம் ஊர் சுவர் சுவிட்ச், கரண்ட் வரும் ஃபேஸ் வயரை மட்டும்தான் வெட்டும், எர்த் எப்போதும் சேர்ந்தே இருக்கும். ஆக டேட்டாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கீழே ஸ்விட்ச்சின் எர்த், கேபிள் உறை, பை, டேக், ஆம்ப்பின் எர்த், மறுபடி சுவர் என்று ஒரு பெரிய வளையம், அதிலும் பாதி தூரம் கரண்ட் வயரோடு ஒட்டிக்கொண்டு. சுவர் சாக்கெட்டிலிருந்து பைக்கு வரும் ஒரு மீட்டர் துண்டை மட்டும் மாற்றுங்கள், பிளாஸ்டிக் தலை வைத்த சாதாரண கேட் 6 போதும். வளையம் அறுந்துவிடும். முடிந்தால் என்றைக்காவது அந்த கேபிளைக் கரண்ட் பைப்பிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள், அது இருக்கவேண்டிய இடமே இல்லை.

மொட்டைமாடி:
மாற்றினேன். உறுமல் போயேபோச்சு. ஒரு மாதத் தூக்கத்துக்கு ஒரு மீட்டர் ஒயர்! ஆனாலும் ஃபைபர் போடத்தான் போகிறேன். போன ஐப்பசியில் இடி இடித்தபோது ஸ்விட்ச்சில் இரண்டு போர்ட் அவுட். மாடிக்கும் கீழுக்கும் நடுவே செம்பே வேண்டாம், அந்தப் பைப்பும் வேண்டாம்.

ஈயப்பற்று:
அது நல்ல காரணம். கரண்ட் லைன் வழியாக வருவதை ஃபைபர் தடுக்காது, அதை மட்டும் நினைவில் வையுங்கள். மாடி கன்வெர்ட்டருக்கு மட்டமான அடாப்டர் போடாதீர்கள், இரைச்சலைப் பின்வாசல் வழியாக நீங்களே கூட்டி வந்தாற்போல ஆகும். பை 4 என்பதால் கிகாபிட் கன்வெர்ட்டர் சரி. பழைய பை 3பி வைத்திருப்பவர்கள் கவனம், அது 100 மெகாபிட்தான், கிகாபிட் மட்டும் பேசுகிற கன்வெர்ட்டரோடு லிங்க்கே வராது.

மொட்டைமாடி:
இரண்டு கன்வெர்ட்டர், அவற்றில் செருகும் எஸ்எக்ஸ் ஒளி மாட்யூல் இரண்டு, 20 மீட்டர் மஞ்சள் பேட்ச் கார்டு (தலை வைத்த ஃபைபர் வயர்) வாங்கிப் படிக்கட்டு ஓரமாக ஒட்டிவிட்டேன். லிங்க் விளக்கு எரியமாட்டேன் என்கிறது. ஒரு முனையில் இரண்டு தலையையும் இடம் மாற்றியும் பார்த்தாயிற்று.

பழைய ரேடியோ:
மஞ்சளா? மஞ்சள் என்றால் சிங்கிள்மோட் சார், நடு இழை ரொம்ப மெல்லிசு. எஸ்எக்ஸ் மாட்யூல் 850 நானோமீட்டர், நடு இழை தடித்த மல்டிமோட் வகைக்கு உரியது, அது ஆரஞ்சு நிறத்திலோ வெளிர்நீலத்திலோ வரும். கார்டை மாற்றுங்கள், இல்லை இரண்டு முனையிலும் சிங்கிள்மோடுக்கான எல்எக்ஸ் மாட்யூல் போடுங்கள். நானும் இதே பள்ளத்தில் விழுந்தவன். முனையைக் கண்ணுக்கு நேரே வைத்து வெளிச்சம் வருகிறதா என்று பார்க்காதீர்கள், அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, கண்ணைக் கெடுத்துவிடும்.

மொட்டைமாடி:
கடைக்காரர் கார்டை மாற்றிக் கொடுத்தார். ஆரஞ்சு செருகினேன், ஒரு முனையில் தலை மாற்றினேன், விளக்கு வந்தது. நேற்று ராத்திரி இரண்டு கட்டைக் கச்சேரி ஒன்று முழுதாகக் கேட்டேன். முன்னைவிட நன்றாக இருக்கிறதா என்றால் ஒரு மீட்டர் ஒயர் போட்ட அன்று எப்படி இருந்ததோ அப்படியேதான். பழைய ரேடியோ சார் மன்னிக்கவும்.

ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்தால் மெல்லிசாக ஒரு "கிர்ர்". அது லேன் இல்லை, ஃபேன் ரெகுலேட்டர். மூன்றில் வைத்தால் வருகிறது, ஐந்தில் வைத்தால் போகிறது. ஆனால் ஐந்தில் ஃபேன் போடுகிற சத்தத்தில் தம்புராவே கேட்கவில்லை.