கருப்பு ட்ரெஸ் போட்டுட்டு டாக்டர்கிட்ட போனா அந்த ட்ரெஸ்ஸை மட்டும்தான் பாக்கறாங்க, என்னங்க பண்றது?

பனங்காட்டுக்காக்கா:
கொழிஞ்சாம்பாறை பக்கம்ங்க, வயசு 21. வீட்ல தமிழ், ஸ்கூல்ல மலையாளம், ஹெட்போன்ல பூரா பௌஹௌஸ், த க்யூர்னு இங்கிலாந்து பேண்டுங்க பாட்டு. இந்த மாதிரி பாட்டு கேட்டு கருப்பு போட்டுட்டு திரியறவங்களை கோத்னு சொல்லுவாங்க. ப்ளஸ் டூ முடிச்சதுல இருந்தே கருப்பு ட்ரெஸ், கருப்பு லிப்ஸ்டிக், கண்மை கொஞ்சம் தடிமனா, காதுல நாலு வளையம். காத்து கருப்பு அடிச்சிருச்சான்னு ஊர்ல கேப்பாங்க, ஆமாங்கன்னு சொல்லிட்டு போயிருவேன்.

ஐப்பசில எங்க அம்மிச்சி, அம்மாவோட அம்மா, தவறிப்போயிருச்சு. என்னைய வளத்ததே அதுதான். அதுக்கப்பறம் தூக்கமே இல்ல, ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், எந்திரிச்சு திண்ணைல போய் உக்காந்துக்குவேன். நானேதான் அம்மாகிட்ட சொல்லி டவுன்ல ஒரு மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகச் சொன்னேன். உள்ள போனதும் "மோளே, இது எந்து வேஷம்?" அதுல இருந்து ஆரம்பம். சாத்தானை கும்பிடறியா, குரூப்பா இருக்கீங்களா, யாரு கத்துக்குடுத்தா, லவ் பெயிலியரா, சட்டைக் கையை மேல தூக்கு பாக்கலாம். நான் தூக்கமில்லைன்னு மூணு தடவை சொன்னேன், அம்மிச்சியைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. கடைசில அம்மாகிட்ட திரும்பி இந்த துணியெல்லாம் மொதல்ல மாத்துங்க எல்லாம் சரியாயிரும்னுட்டாரு. அம்மா வீட்டுக்கு வந்து என் பூட்ஸை தூக்கி பரண்ல போட்டுருச்சு.

இதுல கூத்து என்னன்னா வெளிய டோக்கன் குடுக்கற அண்ணன் தலையில இருந்து கால் வரைக்கும் கருப்பு, கார்த்திகை மாசமில்லீங்களா, மாலை போட்டிருக்காரு. அவரை யாரும் கையைத் தூக்கச் சொல்லல. எங்க அம்மிச்சி, தாத்தா போனதுல இருந்து முப்பது வருஷம் வெள்ளைச் சீலைதான், அதையும் யாரும் வியாதின்னு சொல்லல. அடுத்த தடவை சுடிதார் போட்டுட்டு போறதா, டாக்டரை மாத்தறதா?

வேலந்தாவளத்தான்:
அம்மிணி, கோவிச்சுக்காத. எனக்கும் உன் வயசுல பொண்ணு இருக்குது. டாக்டர் கேட்டதுல என்ன தப்பு? இந்த கோத் பசங்கதான் கையை அறுத்துக்கறதுன்னு வெளிநாட்டுல ஆராய்ச்சியே இருக்குன்னு படிச்சேன். துணியால மனசு மாறாதுன்னு சொல்றியா? நாலு நாள் பச்சை கலர் போட்டுப் பாரேன்.

சித்தூர் மருமக:
நான் மனநல சோஷியல் வொர்க்கர், கோயமுத்தூர்ல வேலை. மாமா சொல்ற ஆராய்ச்சி இருக்கறது நெசம்தான், ஆனா பாதிதான் படிச்சிருக்கீங்க. 2006ல ஸ்காட்லாந்துல 1258 பேரை வெச்சு ஒண்ணு வந்துச்சு, அதுலயே கோத்துன்னு சொல்லிக்கிட்டவங்க ரொம்ப கொஞ்சம் பேரு. 2015ல லான்செட் சைக்கியாட்ரிங்கற மருத்துவ பத்திரிகைல 3694 பேரோடது. 15 வயசுல தன்னை கோத்துன்னு சொன்ன பிள்ளைங்களுக்கு 18ல மனச்சோர்வு ஜாஸ்தி, சரி. ஆனா எழுதினவங்களே இதனாலதான் அது வருதுன்னு சொல்ல முடியாதுன்னுட்டாங்க. ஏற்கனவே அடி வாங்கி, கேலி பட்டு, ஒதுக்கப்பட்ட பிள்ளை தனக்கு ஒரு எடம் தேடித்தானுங்க அங்க போகுது, அந்த எடத்தையும் புடுங்கிட்டா பாவம் எங்க போகும்?

தன்னைத்தானே காயப்படுத்திக்கறியான்னு கேக்கறது தப்பே இல்ல, தூக்கமில்லைன்னு வர்ற எல்லார்கிட்டயும் நாங்க கேப்போம், பட்டுச்சீலை கட்டிட்டு வந்தாலும் கேப்போம். கேட்டுட்டு அடுத்த கேள்விக்கு போகணும், லிப்ஸ்டிக்லயே நிக்கக்கூடாது. எழவு நடந்த வீட்டுப் பிள்ளைகிட்ட யாரு போனாங்கன்னு கேக்காதது என்ன வைத்தியம்னு எனக்குத் தெரியல.

பயம் எங்கிருந்து வந்துச்சுன்னா 1999ல அமெரிக்காவுல கொலம்பைன் ஸ்கூல்ல சுட்டாங்கல்ல, அப்ப டிவில பூரா அந்த ரெண்டு பசங்களும் கோத்துன்னு பேசுனாங்க. பொய்னு அப்பறம் தெரிஞ்சுச்சு, ஆனா பேரு ஒட்டிக்கிச்சு. இன்னொரு பக்கம் பாருங்க, 2007ல இங்கிலாந்துல சோபி லங்காஸ்டர்னு 20 வயசு பொண்ணு, அவளையும் கூட இருந்த பையனையும் பார்க்ல பசங்க மிதிச்சே போட்டாங்க, காரணம் அந்த ட்ரெஸ்தான். பையன் பொழச்சுக்கிட்டான், அவ செத்துட்டா. 2013ல இருந்து மான்செஸ்டர் போலீஸ் இந்த மாதிரி அடியை வெறுப்புக் குற்றம்னே எழுதறாங்க.

நம்ம ஊர்லயும் சட்டம் இருக்கு. 2017 மனநலச் சட்டம் மூணாவது பிரிவை எடுத்துப் படிங்க, ஊர் வழக்கத்துக்கு ஒத்து நடக்கலைங்கறதை வெச்சு ஒருத்தருக்கு மனநோய்னு முடிவு பண்ணக்கூடாதுன்னு அதுல எழுதியிருக்கு. உன்னைப் பத்தி பைல்ல என்ன எழுதினாருன்னு கேட்டு வாங்கவும் அதே சட்டத்துல உரிமை இருக்கு தங்கச்சி.

கோபாலபுரம் செக்போஸ்ட்:
சட்டமெல்லாம் இருக்கட்டும்க்கா, நைட் ரெண்டு மணிக்கு இவ யாரைக் கூப்பிடுவா? 14416 அடி, டெலி மானஸ்னு கவர்மென்ட்டோட மனநல ஹெல்ப்லைன், 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயும் பேசலாம். போன்ல லிப்ஸ்டிக் தெரியாது 😄 எனக்கு தலைல ஜடாமுடி, எனக்கும் இதே கதைதான், கஞ்சாவான்னு கேக்காத டாக்டரை இன்னும் நான் பாக்கல. சுடிதார் போட்டுட்டு போகாத, பின்னாடி அந்த சுடிதாரைத்தான் அவரு குணப்படுத்துவாரு.

வேலந்தாவளத்தான்:
சரி, நான் பாதிதான் படிச்சேன், ஒத்துக்கறேன். தூக்கத்தை மட்டும் விட்டுராத அம்மிணி.

பனங்காட்டுக்காக்கா:
நேத்து ராத்திரி அடிச்சேன் அண்ணா. எடுத்தவங்க தமிழ்லயே பேசுனாங்க. தூக்கமில்லைன்னேன், எப்ப இருந்துன்னாங்க, அம்மிச்சி போனதுல இருந்துன்னேன். "அவங்க எப்படி இருப்பாங்க, சொல்லுங்க"ன்னாங்க. அரை மணி நேரம் அழுதேன், பாக்கு இடிக்கற சத்தத்துல இருந்து எல்லாத்தையும் சொன்னேன். நேர்ல பாக்க வேற டாக்டர் எங்க இருக்காங்கன்னும் கேட்டு வெச்சிருக்கேன், அடுத்த வாரம் போறேன், கருப்புலதான்.

சித்தூர் அக்கா எழுதினதை அம்மாவுக்கு படிச்சுக் காட்டினேன். ஒண்ணும் பேசல. காலைல பரண்ல ஏறி பூட்ஸை எடுத்துக் குடுத்துச்சு, இடது கால்ல ரெண்டு பல்லி முட்டை.