கோலமாவு வட்டத்தில் கார்பன் சுழற்சி: இது பாடமா, பி.டி. பீரியடா?

சாக்பீஸ்_டீச்சர்:
ஏழாம் வகுப்புக்குக் கார்பன் சுழற்சியை மைதானத்தில் நடத்தினேன். கோலமாவால் ஐந்து வட்டம்: காற்று, மரம், மாடு, கடல், நிலக்கரி. பிள்ளைகள்தான் கார்பன் அணுக்கள். பகடையில் விழும் எண்ணுக்கேற்ப வட்டம் மாறணும். நிலக்கரியில் மாட்டினால், அடுத்தடுத்து மூன்று ஆறு விழுந்தால்தான் வெளியே. ஒரு பெண் இருபது நிமிஷம் அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள். "மிஸ், எனக்கு விழவே மாட்டேங்குது" என்று கண் கலங்கிவிட்டது. சக ஆசிரியர் ஒருவரோ "இதெல்லாம் பி.டி. பீரியட் வேலை" என்கிறார். சரிதானா?

ஓய்வுபெற்ற_வாத்தியார்:
நான் அவர் கட்சி. கைகோத்து மூலக்கூறு ஆடுவதை நானும் செய்து பார்த்தவன்தான். ஹைட்ரஜன் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டது, ஆக்சிஜனுக்கு இரண்டு கை, சரி. கார்பனுக்கு நாலு பிணைப்பாச்சே? மீத்தேனுக்காக ஒரு பையன் காலையும் நீட்டப்போய் ஐந்து பேரும் குப்புற விழுந்தார்கள். பரீட்சையில் இன்னொருத்தன் எழுதினான்: "கார்பன் களைத்துப்போனால் மண்ணில் படுத்துக்கொள்ளும்." அணுவுக்குக் களைப்பு வந்தது நம்மால்தான்.

ரெண்டு_வாண்டுகளின்_அம்மா:
புத்தகம் மட்டும் என்ன கிழித்துவிட்டது சார்? மரத்தின் எடை எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள், பத்தில் எட்டுப் பிள்ளை "மண்ணிலிருந்து" என்கும். 17ஆம் நூற்றாண்டிலேயே வான் ஹெல்மான்ட் என்ற விஞ்ஞானி தொட்டியில் வில்லோ மரம் வளர்த்து நிறுத்துப் பார்த்தார். 5 பவுண்டு செடி ஐந்து வருஷத்தில் 169 பவுண்டு. மண் குறைந்தது 2 அவுன்ஸ்தான். அவரும் எல்லாம் தண்ணீரால் வந்தது என்று முடிவுகட்டினார், காற்றை விட்டுவிட்டார். காற்று வட்டத்திலிருந்து மர வட்டத்துக்குத் தன் காலால் ஓடிய பிள்ளை அப்படி விடாது.

நெய்வேலிக்காரன்:
எங்க ஊர்க்காரனுக்கு ஒரே கேள்வி. அந்தப் பெண்ணை யார் வெளியே எடுத்தது?

சாக்பீஸ்_டீச்சர்:
நானே அனல்மின் நிலையமாகப் போய் அவளோடு பத்துப் பேரைக் காற்று வட்டத்துக்கு இழுத்துவந்தேன். நிற்க இடமில்லாமல் ஒரே தள்ளுமுள்ளு. அப்போதுதான் சொன்னேன், தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்கு கார்பன் டை ஆக்சைடு, இப்போது 420க்கும் மேல் என்று. யாரும் கொட்டாவி விடவில்லை.

ஓய்வுபெற்ற_வாத்தியார்:
அந்த இடம் நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கடலில் உள்ள கார்பன், காற்றில் இருப்பதைப்போல 40 மடங்குக்கும் மேல். உங்கள் மைதானத்தில் இரண்டும் ஒரே வட்டம். பிள்ளை மனதில் அந்த அளவுதான் நிற்கும். படம் தப்பென்றால் ஓடியும் தப்பாகத்தான் கற்கும்.

சாக்பீஸ்_டீச்சர்:
இதை ஒத்துக்கொள்கிறேன். அடுத்த முறை கபடிக் கோட்டிலிருந்து கொடிக்கம்பம் வரை கடல்தான்.

ஓய்வுபெற்ற_வாத்தியார்:
இன்னொன்று. காற்றில் கார்பன் தனியாகவா நிற்கிறது? கூட வரவேண்டிய ஆக்சிஜன் ரெண்டு பேர் எங்கே?

சாக்பீஸ்_டீச்சர்:
வகுப்பில் மொத்தமே 36 பேர் சார். ஆக்சிஜனுக்கு எட்டாம் வகுப்பைத்தான் கூப்பிடணும்.